கணித ஆசான் மாஸ்டர் ராமச்சந்திரர்

டில்லியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அஜ்மீரி வாயில் புதிய இடமன்று. ஊருக்குப் புறப்படும்போதும் ஊரிலிருந்து திரும்பும்போதும் புதுடில்லி ரயில் நிலையத்தின் அப்பக்கத்தில் பெட்டி படுக்கைகளோடும் ஊறுகாய் ஜாடிகளோடும் ஆட்டோவுக்குக் காத்து நின்றவர்களே நம்முள் பெரும்பாலோர். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சிவந்த கல்லாலான பழைய மதரஸாக் கட்டடம் ஒன்று உண்டு. காஜியுத்தீன் கான் என்னும் மொகலாயப் பிரபுவின் பெயரால் விளங்குவது. இன்று அதில் ஒரு பள்ளி நடைபெறுகிறது. 1825-இல் டில்லிக் கல்லூரி தொடங்கியது அவ்விடத்தில்தான். அவ்வழியே பல்லாண்டுகளாக வேலைக்குப் போய்வரும் நாமும் அக்கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

நமது சங்க மலரில் ஆண்டுதோறும் பெரியார் ஒருவரது வரலாறு இடம்பெறுதல் வழக்கம். பாரதியாரைப் பற்றியும் கப்பலோட்டிய தமிழரைப் பற்றியும் கணித மேதை ராமானுஜரைப் பற்றியும் அன்பர்கள் முன்னரே சிறப்புற எழுதிவிட்டனர். இம்முறை, நாம் பிழைக்க வந்த இந்நகரிலேயே பிறர்க்குக் கணிதம் பயிற்றி வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறோம். அவர் தமிழரல்லர்; எனினும் அவரது புகழுக்கும் நமது மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது பின்னர் வரும்.

நாம் கணிதப் புலவர் அல்லோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். தந்தையார் ரயில்வே பணியில் இருக்கும்போதே காலமானதால், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி எழுத்தர் நாற்காலியில் அமர்ந்தவர் நாம். வார்ஃபேஜ் கணக்கும் டெமரேஜ் கணக்கும் போடுவதே நாம் அறிந்த கணிதம். மாஸ்டர் ராமச்சந்திரரது வாழ்க்கையும் ஏறக்குறைய அவ்வாறே தொடங்கியது என்பதுதான் நம்மை முதலில் ஈர்த்தது.

அவர் 1821-இல் பானிப்பட்டில் பிறந்தார். தந்தையார் சுந்தர்லால் டில்லியைச் சேர்ந்த காயஸ்தர். வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1831-இல், மகனுக்குப் பத்து வயது நிரம்பும் காலத்தில், அவர் இறந்தார். விதவைத் தாயும் ஆறு ஆண்மக்களும் மிஞ்சினர். பதினொரு வயதிலேயே ராமச்சந்திரருக்கு மணம் முடிந்தது. வசதியுள்ள வீட்டுப் பெண் என்று நம்பி முடித்த சம்பந்தம் அது. பெண் காது கேளாதவள், வாய் பேசாதவள் என்பது பின்னரே தெரியவந்தது. குடும்பத்தின் கஷ்டம் தீரும் என்று செய்த ஏற்பாடு சிறுவனின் தலையில் மற்றொரு பொறுப்பாக வந்து அமர்ந்தது.

1833-இல் டில்லி ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து சுமார் ஆறு ஆண்டுகள் பயின்றார். கணிதத்தில் அவருக்கு இருந்த பற்று அங்கே யாரும் ஊட்டியதன்று. அப்பள்ளியில் கணிதம் பெரிதாகக் கற்பிக்கப்படவில்லை. கிடைத்த நூல்களைக் கொண்டு வீட்டில் தாமே கற்றார். பின்னர்ப் பள்ளியை விட்டு ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். இரண்டு மூன்று ஆண்டுகள் பிறர் எழுதியதைப் பிரதி எடுக்கும் வேலை. நம்மில் பலர் அந்நாற்காலியிலேயே ஓய்வுபெறுகிறோம். அவருக்கு 1841-இல் ஒரு கதவு திறந்தது. கல்லூரி சீரமைக்கப்பட்டு உதவித்தொகைக்குப் போட்டித் தேர்வு வைத்தார்கள். அதில் வென்று, எழுதுகோலை வைத்துவிட்டு மீண்டும் மாணவர் ஆனார். 1844-இல் அக்கல்லூரியிலேயே ஆசிரியர் பதவி கிடைத்தது.

அந்தக் கல்லூரி எத்தகையது என்பதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். 1840-களில் அது அஜ்மீரி வாயிலை விட்டுக் காஷ்மீரி வாயில் பக்கம், இளவரசர் தாரா ஷிகோவின் நூலகம் இருந்த மாளிகைக்கு இடம் மாறியது. அங்கே இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று ஆங்கிலப் பிரிவு. மற்றொன்று கீழ்த்திசைப் பிரிவு. அரபியும் பாரசீகமும் சமஸ்கிருதமும் கற்போர் அதில் பயின்றனர். ராமச்சந்திரர் நியமிக்கப்பட்டது கீழ்த்திசைப் பிரிவில். ஐரோப்பிய விஞ்ஞானத்தை மாணவர் அறிந்த உருது மொழியிலேயே கற்பிப்பது அவரது வேலை. கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே! கல்லூரித் தலைவராய் இருந்த பூத்ரோ என்பவரின் முயற்சியால் மொழிபெயர்ப்புச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. பின்வந்த ஸ்பிரெங்கர் என்னும் அறிஞரும் அதனை ஆதரித்தார். அதற்காக ராமச்சந்திரர் இயற்கணிதம், கோணகணிதம் தொடங்கி வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் வரையில் உருதுவில் ஆக்கினார்.

1840-களில் நம் நாட்டு மொழி ஒன்றில் நுண்கணிதம்! இன்று நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், வகுப்பில் ஆங்கிலமுமாக வளர்கின்றனர். கணக்கில் பிழை வரும்போது பிள்ளைக்குக் கணக்குப் புரியவில்லையா, கணக்கு எழுதப்பட்ட மொழி புரியவில்லையா என்று நாமே பலமுறை மயங்கியதுண்டு. ராமச்சந்திரர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தவர். தம் மாணவரிடம் அறிவுக் குறைவு இல்லை, ஏறிச் செல்லப் படி இல்லை என்பதே அவர் கண்ட முடிவு.

வகுப்போடு அவர் நிற்கவில்லை. 1845-இல் பவாயித்-உந்-நாஸிரீன் என்ற பத்திரிகையையும், 1847-இல் முஹிப்-ஏ-ஹிந்த், அதாவது இந்தியாவின் நேசன், என்ற மாத இதழையும் நடத்தினார். விஞ்ஞானம், சரித்திரம், உலகச் செய்திகள் யாவும் எளிய உருது உரைநடையில் வந்தன. பூமியே நடுவென்று நின்ற பழைய வான நூலை மறுத்துப் புதிய வான நூலை அவர் விளக்கியபோது நகரத்துப் பண்டிதர் பலர் முகம் சுளித்தனர். 1849-இல் பல நாட்டுப் பெரியோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு நூலும் வெளியிட்டார். உருது உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இவரை விட்டு எழுதுவதில்லை.

இனி, அவரது பெயரைக் கடல் கடந்து கொண்டுபோன நூலுக்கு வருவோம். 1850-இல், தமது இருபத்தொன்பதாம் வயதில், மீப்பெரு, மீச்சிறு அளவுகளை இயற்கணிதத்தால் காண்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதிக் கல்கத்தாவில் தமது சொந்தச் செலவில் அச்சிட்டார். அச்செலவு அவரது நிலைக்கு மீறியது.

நூலின் பொருள் கடினமென்று பெண்மணிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நமது காலனி வீடுகளின் பின்புறத்திலேயே அக்கணக்கு இருக்கிறது. பின்சுவரை ஒட்டிக் கறிவேப்பிலையும் கத்தரியும் போடத் தோட்டம் ஒன்று அடைக்க வேண்டும். கையில் உள்ள கம்பி வலை 40 அடி. ஒரு பக்கம் சுவர் இருப்பதால் மற்ற மூன்று பக்கங்களுக்கு மட்டும் வலை போதும். சுவரிலிருந்து எத்தனை அடி வெளியே வந்து திரும்பினால் தோட்டத்தின் பரப்பு மிக அதிகமாகும்? இவ்வகைக் கேள்விக்கு விடை காண மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் என்னும் கருவியைக் கொடுக்கின்றனர். அக்கருவி நம் போன்றோர் கைக்கு எட்டாதது.

ராமச்சந்திரர் வழியைப் பாருங்கள். அகலத்தை க என்று கொள்க. இரண்டு பக்கத்துக்கு 2க போக, நீளம் 40 − 2க. பரப்பை ப என்றால், 40க − 2க² என்பதே ப. இதனை மாற்றி எழுதினால் 2க² − 40க + ப = 0 என்ற இருபடிச் சமன்பாடு வருகிறது. இதனைத் தீர்க்கும்போது 1600 − 8ப என்பதற்கு வர்க்கமூலம் காண நேர்கிறது. ப 200-ஐத் தாண்டினால் வர்க்கமூலத்தின் உள்ளே இருப்பது எதிர் எண்ணாகிவிடும். அப்படியொரு தோட்டம் பூமியில் அமையாது. ஆகவே பரப்பு 200 சதுர அடிக்கு மேல் போகாது. அப்போது அகலம் 10 அடி, நீளம் 20 அடி. சதுரமாக அடைப்பதே சிறந்தது என்று எண்ணியிருந்தோம், அன்று. கணக்கு முடிந்தது, நுண்கணிதம் ஒரு சொட்டும் இல்லாமல்.

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நம் மகள் இதே போன்ற கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில், ஒரு பழைய இன்வாய்சின் பின்புறத்தில் நாம் இவ்வழியைப் போட்டுக் காட்டினோம். இரண்டு விடைகளும் ஒன்றாயிருந்தன. பள்ளி இறுதி வகுப்போடு நின்றுபோன அப்பாவுக்கு இது எவ்வாறு தெரிந்தது என்று அவள் வியந்தாள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம்மைப் போன்றோர் கையில் இருக்கும் இயற்கணிதத்தைக் கொண்டே மேலே ஏறலாம் என்று காட்டத்தானே அம்மனிதர் கடன்பட்டு நூல் எழுதினார்!

இவ்வழி அவருக்குத் தோன்றியதன் காரணம் கவனிக்கத்தக்கது. கிரேக்கரின் பலம் வடிவியல். நம் நாட்டில் வேரூன்றியது எண் கணிதமும் பீஜகணிதமும். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியார் செய்த லீலாவதியும் பீஜகணிதமும் இருபடிச் சமன்பாட்டைக் கையாள்வதில் கைதேர்ந்தவை. அந்த வேரில் புதிய கிளையை ஒட்ட வேண்டும் என்பது ராமச்சந்திரரின் எண்ணம். மாணவன் முன்பே நிற்கும் இடத்திலிருந்து அவனை நடத்திச் செல்லுதல் என்பது இன்று கல்வி ஆராய்ச்சியாளர் அனைவரும் சொல்வது. அவர் சொல்லாமல் செய்தார்.

கல்கத்தா அவரை வரவேற்கவில்லை. அங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகள் பெரும்பாலும் பாதகமானவை. நுண்கணிதம் இருக்கும்போது இச்சுற்றுவழி எதற்கு என்பது அவர்கள் கட்சி. நூலின் மேல் மனக்கோட்டைகள் கட்டியிருந்த ராமச்சந்திரர் மிகவும் மனமுடைந்தார். நியாயத்தை நாமும் சொல்லத்தான் வேண்டும். இருபடிக் கணக்குகளில் அவரது வழி அழகாக ஓடுகிறது. முப்படிக்குப் போனால் உழைப்பு மிகுகிறது. நுண்கணிதமோ எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது. தேர்ந்தவனுக்கு அவரது நூல் தேவையில்லை. தேறாதவனுக்காக எழுதிய நூலைத் தேர்ந்தவர்கள் எடைபோட்டதுதான் அங்கே நேர்ந்த கோளாறு.

அக்காலத்தில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் சபையில் இருந்தவர் பெத்யூன். பெண்களுக்கென அங்கே 1849-இல் பள்ளி தொடங்கிய அவரது பெயரை வங்காளத்தார் இன்றும் மறக்கவில்லை. நூலின் பிரதிகள் சிலவற்றை அவர் வாங்கினார். அவற்றுள் ஒன்றை 1850-இல் லண்டனில் இருந்த தமது நண்பர் டி மார்கனுக்கு அனுப்பிவைத்தார்.

மதுரைத் தொடர்பு இங்கேதான் வருகிறது. அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் நமது மதுரையில் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனை அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தையின் ஒரு கண் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாய் இருக்கையில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிற்று. 1828-இல் இருபத்தொரு வயதில் லண்டனில் புதிதாய்த் தோன்றிய கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். பள்ளிப் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் கணங்களைப் பற்றிப் படிக்கும் டி மார்கன் விதிகள் இவருடையவையே. விதியை நெட்டுருப் போடச் செய்யாமல் காரணத்தை விளங்கவைக்க வேண்டும் என்று கணிதம் கற்பிப்பது பற்றி 1831-இலேயே ஒரு நூல் எழுதியவர். வேடிக்கையும் உண்டு: தம் வயதைக் கேட்டால், அதன் வர்க்கம் எந்த ஆண்டோ அந்த ஆண்டில் எனக்கு அவ்வயது என்பாராம். 43-ஐ 43-ஆல் பெருக்கினால் 1849. சரியாகத்தான் இருக்கிறது.

இத்தகையவர் கையில் டில்லி ஆசிரியரின் நூல் சிக்கியது. கல்கத்தா மதிப்புரையாளர் காணாததை அவர் கண்டார். இது நுண்கணிதத்துக்குப் போட்டி அன்று, இந்தியர் தம் சொந்த அறிவு மரபில் நின்று எழுந்து நடக்கும் முயற்சி என்று உணர்ந்தார். மேல்நாட்டு அறிவை இந்தியரின் வாயில் ஊட்டிவிடுவதைக் காட்டிலும் அவர்களிடம் உறங்கும் ஆற்றலை எழுப்புவதே மேல் என்பது அவர் கருத்து. கம்பெனி டைரக்டர்களுக்கு எழுதினார். கடிதங்கள் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்குமாக ஆண்டுக்கணக்கில் போய்வந்தன. சர்க்கார் கோப்பு நகரும் வேகம் நமக்குத் தெரியாததா!

இடையில் ராமச்சந்திரரின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. 1852-இல், தம் நண்பர் டாக்டர் சிமன்லாலோடு காஷ்மீரி வாயில் அருகில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் மாதாகோயிலில் அவர் கிறிஸ்தவரானார். அது அவரது சொந்த ஆராய்ச்சியின் முடிவு. அதில் நாம் புகுந்து சொல்ல ஒன்றுமில்லை. நகரம் அதிர்ந்தது என்பது மட்டும் உண்மை. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருந்த பெற்றோர் அஞ்சினர். உறவினர் விலகினர். அதுவரை ஊருக்கு நடுவில் நின்று பேசிய ஆசிரியர் ஊருக்கு வெளியே நிற்பவர் ஆனார்.

1857 மே மாதம் 11-ஆம் நாள் மீரட்டிலிருந்து சிப்பாய்கள் டில்லிக்குள் புகுந்தனர். சிமன்லால் அன்றே கொல்லப்பட்டார். கல்லூரித் தலைவர் டெயிலரும் கொல்லப்பட்டார். கல்லூரி நூலகம் சூறையாடப்பட்டது. தாம் மொழிபெயர்த்தும் பயிற்றியும் வளர்த்த இடம் அழிவதை ராமச்சந்திரர் ஒளிந்திருந்து கேள்வியுற்றார். அவரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்தவர்கள், மதம் மாறாத அவருடைய சகோதரர்களே. மதம் பிரித்ததை ஆபத்து சேர்த்தது போலும். பின்னர் நகரை விட்டுத் தப்பி, வழியில் உயிருக்குத் தப்பிப் பிழைத்து, மலைமுகட்டில் தங்கியிருந்த ஆங்கிலப் படையின் பாசறையை அடைந்தார்.

ஆங்கிலேயர் செப்டம்பரில் நகரைத் திரும்பப் பிடித்தனர். இப்போதாவது அவருக்கு நிம்மதி கிடைத்ததா? இல்லை. தெருவில் நடந்துபோன அவரை ஆங்கில அதிகாரி ஒருவர் தடியால் அடித்தார். தாம் சர்க்கார் ஊழியர், கிறிஸ்தவர் என்று சொல்லியும் அடி நிற்கவில்லை. கறுத்த தோல் ஒன்றே போதுமானதாயிருந்தது. கலகக்காரரிடம் பட்ட துன்பத்தை எதிர்பார்த்தேயிருந்தவர், தம்மவர் என்று நம்பியவரிடம் பட்ட அடியைத் தாங்க மாட்டாமல் மேலதிகாரிக்கு எழுத்துமூலம் முறையிட்டார். அக்கல்லூரியின் மாணவரான முகம்மது ஹுசேன் ஆஸாதின் தந்தை, பத்திரிகை ஆசிரியர் மௌல்வி பாகர், அதே காலத்தில் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார். ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள் இரு கைகளாலும் மாண்டனர்.

1858-இல் ராமச்சந்திரர் ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் சிறிது காலம் தலைமை ஆசிரியராயிருந்து, அவ்வாண்டிலேயே டில்லியில் புதிதாக அமைந்த மாவட்டப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தார். கல்லூரி மூடிக் கிடந்தது. நகரில் பாதி இடிபாடு. அந்நிலையில், 1859-இல், லண்டனிலிருந்து அவரது நூல் புதிய பதிப்பாக வெளிவந்தது. கம்பெனி டைரக்டர்களின் ஆணையின்படி ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பரப்பும்பொருட்டு என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். அக்கம்பெனியின் ஆட்சியோ 1858-இலேயே முடிந்துவிட்டிருந்தது. டி மார்கன் நீண்ட முன்னுரை எழுதி, ராமச்சந்திரரின் வாழ்க்கையையும் அவரிடமிருந்தே கேட்டுப் பெற்றுச் சேர்த்திருந்தார். இன்று நாம் அவரது இளமையைப் பற்றி அறிவது பெரும்பாலும் அதனால்தான். சர்க்கார் அவருக்குக் கில்லத் எனப்படும் மரியாதை உடையும் 2,000 ரூபாயும் வழங்கிற்று.

டி மார்கனின் கருத்தில் நமக்கு ஒரு மாறுபாடு உண்டு. இந்தியாவின் பலம் இயற்கணிதத்தோடு நின்றது போல் அவர் எழுதினார். கேரளத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே சங்கமக்கிராமத்து மாதவரும் அவர் வழி வந்தோரும் முடிவிலாத் தொடர்களைக் கையாண்டு நுண்கணிதத்தின் வாயில் வரை சென்றிருந்தனர். விஷ் என்னும் ஆங்கிலேயர் 1830-களிலேயே அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியும், நெடுங்காலம் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. டில்லியிலிருந்த ராமச்சந்திரரும் அதனை அறிந்ததாகத் தெரியவில்லை. அறிந்திருந்தால் அவரது நூல் வேறு வடிவம் பெற்றிருக்கலாம்.

லண்டன் பதிப்பு வந்த பின்பாவது பள்ளிகளில் அம்முறை நுழைந்ததா என்றால், நுழையவில்லை. பாராட்டினார்கள், பரிசளித்தார்கள், பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. இதற்குள் உயர்கல்வி ஆங்கிலத்துக்கே உரியது என்ற நிலை வலுத்துவிட்டது. ராமச்சந்திரர் சோர்ந்துவிடாமல் 1863-இல் வகை நுண்கணிதத்துக்கே ஒரு புதிய வழி காண முயன்று, மாறா விகித முறை என்ற பெயரில் மற்றொரு நூலைக் கல்கத்தாவில் வெளியிட்டார். இம்முறை அவரைக் கைதூக்கிவிட டி மார்கன் போல் ஒருவர் வாய்க்கவில்லை.

உடல்நலம் குன்றவே 1866-இல் ஓய்வுபெற்றார். பின்னர்ப் பட்டியாலா இளவரசருக்கு ஆசிரியராய் இருந்து, 1870-இல் அச்சமஸ்தானத்தின் கல்வித் துறைக்கே இயக்குநர் ஆனார். தந்தையற்ற எழுத்தர் ஒருவர் சமஸ்தானத்துப் பள்ளிகள் அனைத்தையும் மேற்பார்க்கும் இடத்துக்கு உயர்ந்தது சிறிய செயலன்று. டில்லிக் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டு, 1877-இல் மறுபடியும் மூடப்பட்டதை அவர் உயிரோடிருந்து கண்டார். 1880-இல் காலமானார், ஐம்பத்தொன்பது வயதுதான்.

அவரிடம் கணிதம் பயின்றோருள் ஜகாவுல்லா என்பவர் ஆசிரியருக்கு மிகவும் உகந்த மாணவர். சிறு வயதிலேயே கணக்கில் காட்டிய திறமையால் ராமச்சந்திரரின் நெஞ்சில் இடம்பெற்றவர். ஆசிரியர் மதம் மாறியபோது ஊர் விலகியது. இந்த முஸ்லிம் மாணவர் மரியாதையில் ஒரு சிறிதும் குறையவில்லை. பின்னாளில் அலகாபாத்தில் முயிர் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கி, கணிதம் முழுவதையும் உருதுவில் கொண்டுவர வேண்டும் என்று நூல் நூலாக எழுதிக் குவித்தார். பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறிவர, அந்நூல்களை வாங்குவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தனர். அவரோ டில்லியில் தம் வீட்டில் இருந்தபடி, 1910-இல் இறக்கும் வரையில் தாய்மொழிக் கல்வியின் மேல் வைத்த நம்பிக்கையை விடவில்லை. முதுமையில் அவரைக் காண வந்து பழகிய சி. எப். ஆண்ட்ரூஸ் அவரது வரலாற்றை எழுதி 1929-இல் வெளியிட்டார்.